7. வேலையை விடலாமா?

மாதம் பிறந்தால் சம்பளம் வந்துவிடும் வேலை ஒன்று கையில் இருக்கிறது. மனசோ வேறொன்றில் கிடக்கிறது. இப்படிப்பட்டவர் வீட்டில் நடக்கும் பேச்சை நம்மில் பலர் மனப்பாடமாகவே ஒப்பிப்போம். "கையில இருக்கிறதை விட்டுட்டு என்ன பண்ணப் போறே?" என்பார் அப்பா. "இப்ப விடலேன்னா எப்பவுமே விட முடியாதுடா" என்பான் நண்பன். கடையை மூடிவிட்டுக் கடனோடு உட்கார்ந்திருக்கும் ஒரு சொந்தக்காரரை அப்பா சாட்சிக்கு அழைப்பார். நண்பன் ஒரு யூடியூப் பேட்டியை அனுப்பி வைப்பான். இருவருக்கும் அக்கறைதான். இருவர் சொல்லும் சாட்சியும் உண்மைதான். அப்படியிருக்க விடை மட்டும் ஏன் நேர் எதிராக வருகிறது?

நிகழ்தகவுக் கணக்கு இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. 'விடலாமா, கூடாதா' என்பதற்கான பதில் அல்ல அது. அப்பாவும் நண்பனும் கேட்க மறந்த ஒரு கேள்வியை அது முன்னால் கொண்டுவருகிறது. அதற்குப் போகுமுன் அந்தப் பேட்டியை ஒருமுறை பார்த்துவிடலாம்.

பேட்டி கொடுக்காதவர்கள்

வேலையை உதறிவிட்டுத் தொழில் தொடங்கித் தோற்றவரை யாரும் மேடையேற்றுவதில்லை. ஜெயித்தவர்களை மட்டும் எண்ணிப் பார்த்து உலகத்தை அளக்கும் இந்தப் பிழையைப் 'பிழைத்தவர் சாய்வு' என்று சொல்லலாம். எல்லோரையும் எண்ணினால் படம் மாறுகிறது. அமெரிக்கப் பொருளியலாளர் பார்டன் ஹாமில்டன் 2000-ஆம் ஆண்டு அந்நாட்டுச் சுயதொழில்காரர்களின் வருமானத்தைச் சம்பளக்காரர்களின் வருமானத்தோடு ஒப்பிட்டார். பத்து ஆண்டுகள் சொந்தத் தொழிலில் தாக்குப்பிடித்தவர்களை வருமான வரிசையில் நிற்க வைத்தால், சரியாக நடுவில் நிற்பவர் வேலையில் இருந்திருந்தால் ஈட்டியிருக்கக்கூடியதைவிட 35 விழுக்காடு குறைவாகவே ஈட்டினார். இத்தனைக்கும் அவர்கள் தொழிலை மூடாதவர்கள்.

ஆக, அப்பாவின் சொந்தக்காரர் விதிவிலக்கு இல்லை. ஆனால் அப்பா ஜெயித்துவிட்டார் என்று இங்கேயே அத்தியாயத்தை முடிக்க முடியாது.

மலர்விழியின் பொம்மைகள்

ஒரு கற்பனை ஆளை வைத்துக் கணக்குப் போடுவோம். மலர்விழிக்கு வயது 28. கோயம்புத்தூரில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை, சம்பளம் 30,000 ரூபாய். அவளுக்கு ஆசை மரப் பொம்மைகள் மீது. ஒரு கடைசல் இயந்திரம் வாங்கி, குழந்தைகள் வாயில் வைத்தாலும் கெடுதல் செய்யாத சாயம் பூசி, தன் பெயரிலேயே விற்க வேண்டும்.

58 வயது வரை உழைப்பாள் என்று கொள்வோம். மிச்சம் 30 ஆண்டுகள். சம்பள உயர்வு, விலைவாசி இரண்டையும் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்த்தால் எண்கள் மாறும், கதை மாறாது. வேலையிலேயே இருந்தால் 30 ஆண்டுகளில் 1 கோடியே 8 லட்சம்.

பொம்மைத் தொழில் ஜெயிக்க ஐந்தில் ஒரு வாய்ப்பு. ஜெயித்தால் மாதம் 80,000. தோற்றால் 10,000-த்தைத் தாண்டாது. ஜெயிக்குமா தோற்குமா என்பது தெரிய இரண்டு ஆண்டுகள் ஆகும். அதுவரை எப்படியும் மாதம் 10,000தான். மொத்தத்தில் இரண்டு ஆண்டுக்கு 2.4 லட்சம்.

முதல் கணக்கு: விட்டால் விட்டதுதான், திரும்பி வரவே முடியாது. ஜெயித்தால் ஆயுள் வருமானம் 271 லட்சம். தோற்றால் 36 லட்சம். ஐந்தில் ஒரு பங்கு, ஐந்தில் நான்கு பங்கு என்று எடைபோட்டுக் கூட்டினால் 83 லட்சம் வருகிறது. இப்படி எடைபோட்ட கூட்டலை 'எதிர்பார்ப்புச் சராசரி' என்போம். 108 லட்சம் கையில் இருக்க, 83 லட்சத்துக்கு ஆசைப்படுவது புத்திசாலித்தனம் ஆகாது. அப்பா சொன்னது சரி.

இரண்டாம் கணக்கில் ஒரே ஒரு மாற்றம். தோற்றால் அவள் மறுபடி ஒரு கணக்கர் வேலைக்குப் போய்விடலாம். இரண்டு ஆண்டு இடைவெளியைக் காட்டிக் கொஞ்சம் குறைத்துத்தான் கொடுப்பார்கள். 27,000 என்று வைப்போம். ஜெயித்தால் அதே 271 லட்சம். தோற்றாலோ 36 லட்சம் இல்லை, 93 லட்சம். எதிர்பார்ப்புச் சராசரி ஏறக்குறைய 129 லட்சம்.

பொம்மை விற்கும் வாய்ப்பு மாறவில்லை. லாபம் மாறவில்லை. மலர்விழியின் திறமையும் அப்படியேதான் இருக்கிறது. ஆனாலும் 83 லட்சமாக இருந்த அதே முயற்சி 129 லட்சமாகிவிட்டது. மாறியது தோல்விக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பது மட்டும்தான். இதை 'மீள்வழி' என்று பெயரிட்டு வைத்துக்கொள்வோம். அப்பா மீள்வழி இல்லாத கணக்கைப் போடுகிறார். நண்பன் மீள்வழி உள்ள கணக்கைப் போடுகிறான். இருவருமே அதை வாய்விட்டுச் சொல்வதில்லை.

சராசரியைச் சாப்பிட முடியுமா?

இங்கே கூர்மையான வாசகர் ஒருவர் குறுக்கிடுவார். மலர்விழி ஒருத்திதானே? அவளைப் போல் ஆயிரம் பேர் முயன்றால் அந்த ஆயிரம் பேரின் சராசரி 129 லட்சமாக இருக்கலாம். ஆனால் அந்த 129 லட்சத்தை எவரும் கண்ணால் காணப் போவதில்லை. இருநூறு பேர் 271 லட்சம் பார்ப்பார்கள். எண்ணூறு பேர் 93 லட்சத்தோடு, அதாவது வேலையிலேயே இருந்ததைவிட 15 லட்சம் குறைவாக, நின்றுவிடுவார்கள்.

நியாயமான குறுக்கீடுதான். கிட்டத்தட்ட இதே சிக்கலை 1738-இல் தானியேல் பெர்னூலி என்ற சுவிட்சர்லாந்துக் கணிதர் கையில் எடுத்தார். சூதாட்டத்தில் சராசரி லாபம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், புத்தியுள்ள மனிதன் அதற்காகத் தன் சொத்தையெல்லாம் வைத்து ஆடுவதில்லையே, ஏன்? அவர் கண்ட விடை: பணத்தின் அளவு வேறு, அது மனிதனுக்குத் தரும் மதிப்பு வேறு. 10,000 சம்பாதிப்பவருக்கு இன்னொரு 10,000 கிடைத்தால் வாழ்க்கையே மாறும். 80,000 சம்பாதிப்பவருக்கு அதே 10,000 ஒரு வசதி, அவ்வளவுதான். இரண்டாமவருக்கு முன்னவரின் அளவு மகிழ்ச்சி வர வேண்டுமென்றால் அவர் வருமானமும் இரட்டிக்க வேண்டும். இந்த இரண்டாவது அளவை 'மனமதிப்பு' என்று சொல்வோம்.

பெர்னூலியின் அளவுகோலால் மலர்விழியின் கணக்கைத் திரும்ப அளந்தால் பெரிய வெற்றிகளின் எடை குறையும், பெரிய சரிவுகளின் எடை கூடும். மீள்வழி இல்லாத முயற்சி 54 லட்சம் உறுதியாகக் கிடைப்பதற்குச் சமம் ஆகிவிடுகிறது. அதாவது வேலையின் மதிப்பில் பாதி. மீள்வழி உள்ள முயற்சியோ 115 லட்சம் உறுதியாகக் கிடைப்பதற்குச் சமம். 129-இலிருந்து இறங்கிவிட்டது, ஆனால் வேலை தரும் 108-ஐவிட இன்னும் மேலேதான் நிற்கிறது. ஆபத்துக்கு அஞ்சும் ஒருத்தி, தன் அச்சத்தையும் சேர்த்துக் கணக்குப் பார்த்த பிறகும், போய்ப் பார்க்கலாம் என்றுதான் விடை வருகிறது.

எண்களை மாற்றிப் போட்டுப் பாருங்கள். வெற்றி வாய்ப்பு ஐந்தில் ஒன்று என்பதைப் பத்தில் ஒன்று ஆக்கினால், மீள்வழி இருந்தாலும் பெர்னூலியின் அளவுகோல் 'வேண்டாம்' என்றே சொல்லும். மீள்வழி மந்திரம் இல்லை. ஆனால் அது இல்லாத இடத்தில் வேறு எதை மாற்றினாலும் கணக்கு எளிதில் நேராவதில்லை.

வயது எங்கே வருகிறது

இதே மலர்விழிக்கு 50 வயது என்று வைப்போம். மிச்சம் எட்டு ஆண்டுகள். வேலையிலேயே இருந்தால் 28.8 லட்சம். முயன்று தோற்று 52 வயதில் வேலை தேடினால் 27,000 கொடுப்பார்களா? 20,000 என்று வைத்தாலே தாராளம். எதிர்பார்ப்புச் சராசரி 25.4 லட்சம் வருகிறது. இப்போது வேண்டாம் என்பதே விடை. ஜெயித்தால் அனுபவிக்க ஆறு ஆண்டுகளே மீதம், தோற்றால் திரும்பும் வழியும் பாதி அடைபட்டிருக்கிறது.

எதை எப்போது முயன்று பார்ப்பது என்ற இந்தக் கேள்விக்குப் பிரிட்டிஷ் கணிதர் ஜான் கிட்டின்ஸ் 1970-களில் ஒரு பொதுவான தீர்வைக் கண்டார். ராபர்ட் மில்லர் என்ற பொருளியலாளர் 1984-இல் அதைத் தொழில் தேர்வுக்குப் பொருத்திப் பார்த்தார். அவர் எட்டிய முடிவு பெற்றோர் சொல்லும் வரிசைக்குத் தலைகீழ். 'முதலில் நிலையான வேலை, செட்டில் ஆன பிறகு ஆசைப்பட்டது' என்பது நம் வீட்டு வரிசை. மில்லரின் கணக்குப்படி, விளைவு நிச்சயமில்லாத வேலையை இளமையில் முதலில் முயல வேண்டும். அது தரும் முக்கிய லாபம் தகவல். 'இது எனக்கு ஒத்துவருமா' என்ற தகவல் 25 வயதில் கிடைத்தால் அதைப் பயன்படுத்த முப்பது ஆண்டுகள் இருக்கும். 50-இல் கிடைத்தால் அதை வைத்துக்கொண்டு பெருமூச்சுதான் விட முடியும்.

உலகம் ஓரளவுக்கு இப்படித்தான் நடக்கிறது என்பதற்கும் சான்று உண்டு. அமெரிக்க இளைஞர்களின் வேலைமாற்றங்களை ஆராய்ந்து ராபர்ட் டோப்பல், மைக்கேல் வார்டு இருவரும் 1992-இல் எழுதினார்கள். சராசரி ஆண், உழைக்கத் தொடங்கிய முதல் பத்து ஆண்டுகளில் ஏழு முதலாளிகளைப் பார்த்துவிடுகிறான். வாழ்நாள் முழுக்க அவன் மாறப்போகும் வேலைகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அந்தப் பத்தாண்டுக்குள் முடிந்துவிடுகிறது. நம் வீடுகளில் இதற்கு 'நிலையில்லாத பையன்' என்று பெயர்.

ராமனின் பத்து ஆண்டுகள்

விடுவதற்கும் விடாமல் இருப்பதற்கும் நடுவே ஒரு நீண்ட இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியில் குடியிருந்தவர்களில் மிகப் பெயர் பெற்றவர் சி.வி. ராமன்.

1907-இல் சென்னை மாநிலக் கல்லூரியில் முதுகலை முடித்தபோது அவருக்கு வயது 18. ஆராய்ச்சிக்குச் சம்பளம் கொடுக்கும் இடம் அன்றைய இந்தியாவில் அரிது. இங்கிலாந்துக் குளிரை உடல் தாங்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ராமன் நிதித்துறைத் தேர்வை எழுதி முதலிடம் பெற்று, கல்கத்தாவில் உதவி அக்கவுண்டன்ட் ஜெனரலாகச் சேர்ந்தார். குடும்பம் கேட்டிருக்கக்கூடிய மிகப் பாதுகாப்பான வேலை அது.

அங்கே பௌபஜார் தெருவில் 1876-இல் தொடங்கப்பட்டு, ஆய்வாளர்கள் இல்லாமல் தூங்கிக் கிடந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தைக் கண்டுபிடித்தார். அலுவலகத்துக்கு முன் காலையிலும், அலுவலகம் விட்ட பின் இரவிலும் அங்கே வேலை. ரங்கூனுக்கும் நாக்பூருக்கும் மாற்றினார்கள். அங்கும் சோதனைகளை விடவில்லை. பத்து ஆண்டுகள் இப்படிப் போயின. தந்தி இசைக்கருவிகளின் ஒலியைப் பற்றிய கட்டுரைகள் வெளிநாட்டு இதழ்களில் வெளியாகிக்கொண்டிருந்தன. 1917-இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் பாலித் பேராசிரியர் பதவியை அஷுதோஷ் முகர்ஜி அவருக்குக் கொடுத்தபோதுதான் அரசு வேலையை விட்டார். சம்பளம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. அப்போது அவருக்கு வயது 28. ராமன் விளைவு வந்தது 1928-இல், நோபல் 1930-இல்.

ராமனும் பிழைத்தவர்தான், ஒருவரை வைத்து விதி சொல்லக்கூடாது. நானே சற்று முன்தான் அப்படி எழுதினேன். எனவே பலரை எண்ணிய ஆய்வையும் பார்ப்போம். ஜோசப் ராஃபி, ஜீ ஃபெங் இருவரும் 2014-இல் அமெரிக்கத் தரவுகளில் இரண்டு வகையினரை ஒப்பிட்டார்கள். ஒரு வகை, வேலையை விட்டுவிட்டு நேராகத் தொழிலில் குதித்தவர்கள். மற்றது, வேலையில் இருந்துகொண்டே தொழிலைத் தொடங்கிப் பிறகு முழுநேரமாக மாறியவர்கள். இரண்டாம் வகையினர் தொழிலை மூடும் வாய்ப்பு மூன்றில் ஒரு பங்கு குறைவு. துணிச்சல் இல்லாதவர்கள் என்று நாம் ஏளனம் செய்யும் கூட்டம்தான் அதிகம் தாக்குப்பிடிக்கிறது. வாய்ப்பு ஐந்தில் ஒன்றா, மூன்றில் ஒன்றா, இருபதில் ஒன்றா என்பதை அவர்கள் சம்பளம் வரும்போதே கண்டுகொள்கிறார்கள். பொம்மை விற்காது என்று தெரிந்தவர்கள் முழுநேரத்துக்கு வருவதே இல்லை.

மலர்விழியின் கணக்கும் இதையே சொல்கிறது. அவள் இன்னும் இரண்டு ஆண்டு வேலையிலேயே இருந்து, சனி ஞாயிறுகளில் மட்டும் பொம்மை செய்து, 30 வயதில் வெளியேறினால் எதிர்பார்ப்புச் சராசரி எவ்வளவு குறையும்? 129 லட்சத்தில் 2 லட்சத்துக்கும் கீழே. 'இப்ப விடலேன்னா எப்பவுமே முடியாது' என்ற நண்பனின் அவசரத்துக்கு இந்தக் கணக்கில் அவ்வளவுதான் விலை.

பிடித்த வேலைக்கு என்ன தரலாம்?

இதுவரை பணத்தை மட்டுமே எண்ணினோம். மலர்விழி பொம்மை செய்ய நினைப்பது பணத்துக்காக மட்டும் இல்லையே. மனநிறைவை ரூபாயில் அளக்க முடியாது என்று சொல்லி நகர்ந்துவிடுவது சுலபம். பொருளியலாளர் ஸ்காட் ஸ்டெர்ன் அப்படி நகரவில்லை. ஒரே நேரத்தில் பல வேலை அழைப்புகள் கையில் இருந்த உயிரியல் ஆய்வாளர்களை அவர் கேட்டார். ஒரே ஆளுக்கு வந்த அழைப்புகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டதால் திறமை வேறுபாடு குழப்பவில்லை. 2004-இல் வெளியான அந்த ஆய்வில், தம் விருப்பப்படி ஆராய்ந்து கட்டுரை வெளியிட விடும் நிறுவனங்கள் ஏறக்குறைய 25 விழுக்காடு குறைவான சம்பளம் தருவதாகச் சொல்லியிருந்தன. ஆட்கள் அதற்கும் போனார்கள். ராமன் கொடுத்த விலை ஏறக்குறைய 50 விழுக்காடு. ஹாமில்டனின் 35 விழுக்காட்டை மறுபடி நினைத்தால், அதில் ஒரு பகுதி தோல்வி இல்லை, 'யாரையும் சார் என்று கூப்பிட வேண்டாம்' என்பதற்கு மனிதர்கள் தெரிந்தே கட்டும் தொகை என்று தோன்றுகிறது.

பாதுகாப்பை நோக்கி ஒரு சூதாட்டம்

தமிழ்நாட்டில் 'பாதுகாப்பான வேலை' என்றால் அரசு வேலை. 2022 குரூப் 4 தேர்வுக்கான அறிவிப்பில் இடங்கள் 7,301, பிறகு அது 10,000-த்தைத் தாண்டியது. தேர்வு எழுதியவர்கள் 18 லட்சத்துக்கும் மேல். ஏறக்குறைய 180 பேருக்கு ஓர் இடம். எல்லோரும் முழுமூச்சாகப் படித்தவர்கள் இல்லை என்று கழித்தாலும், மலர்விழியின் ஐந்தில் ஒன்று இதன் பக்கத்தில் ராஜயோகம். பொம்மை செய்வதைச் சூதாட்டம் என்கிறோம், இதை 'முயற்சி பண்றான்' என்கிறோம்.

2001 முதல் 2006 வரை தமிழ்நாடு அரசு பெரும்பாலான பணியிடங்களுக்கு ஆள் எடுப்பதை நிறுத்திவைத்தது. இடமே இல்லாதபோது இளைஞர்கள் வேறு வேலைக்குப் போயிருப்பார்கள் என்றுதானே நினைப்போம்? பொருளியலாளர் குணால் மங்கல் ஆராய்ந்தபோது தெரியவந்தது வேறு. பட்டம் முடித்த ஆண்களில் வேலையின்றிக் காத்திருந்தோர் பங்கு கூடியிருந்தது. இன்னும் ஊக்கமாகப் படித்துக்கொண்டு கதவு திறக்கக் காத்திருந்தார்கள் என்பதே பொருந்தும் விளக்கம். அந்தத் தலைமுறையின் வருமானத்தில் அதன் தழும்பு ஆண்டுகள் கழித்தும் தெரிந்தது.

காத்திருக்கும் ஆண்டுகளைத் தனியார் நிறுவனம் அனுபவமாக ஏற்பதில்லை. தோற்ற பொம்மைத் தொழிலுக்காவது விற்பனை, ஜிஎஸ்டி, சப்ளையர் என்று நான்கு விஷயம் சொல்ல இருக்கும். மீள்வழியை வைத்துப் பார்த்தால் இரண்டில் எது ஆபத்து அதிகம் என்பது வெளிப்படை இல்லை. வேடிக்கை என்னவென்றால் மீள்வழியின் அருமையை அரசு நன்றாக அறிந்திருக்கிறது. நிரந்தர ஊழியர் வேறோர் அரசுத் துறைக்குப் போனால் பழைய இடத்தில் 'லீன்' வைத்துக்கொண்டு போகலாம், ஒத்துவராவிட்டால் குறித்த காலத்துக்குள் திரும்பலாம். பொம்மை செய்யப் போனால் லீன் கிடையாது.

வழி இருந்தும் கால் எழாதது

கணக்கு சரியாக வந்தாலும் ராஜினாமாக் கடிதம் அனுப்பக் கை வராது. இழக்கும் ரூபாயின் வலி, கிடைக்கும் ரூபாயின் மகிழ்ச்சியைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு என்று உளவியலாளர்கள் தானியேல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் கண்டார்கள். 30,000 சம்பளம் நாம் ஏற்கெனவே உடைமையாக எண்ணிவிட்ட ஒன்று.

இந்தத் தயக்கம் நன்மை செய்கிறதா, கெடுதலா? பொருளியலாளர் ஸ்டீவன் லெவிட் விசித்திரமான ஒரு சோதனை செய்தார். வேலையை விடுவது போன்ற முடிவுகளில் தத்தளிப்பவர்களை அழைத்து, இணையத்தில் நாணயம் சுண்டச் சொன்னார். 20,000-க்கும் மேற்பட்ட சுண்டல்கள். தலை விழுந்தால் மாற்றம், பூ விழுந்தால் இருக்கிறபடியே. தலை விழுந்தவர்களில் மாறியவர்கள் கூடுதலாக இருந்தார்கள். ஆறு மாதம் கழித்துக் கேட்டபோது, பெரிய முடிவுகளில் மாறியவர்கள் மாறாதவர்களைவிட மகிழ்ச்சியாக இருந்தார்கள். இது மதில்மேல் நின்றவர்களைப் பற்றிய செய்தி. நிம்மதியாக வேலை பார்ப்பவரைப் பற்றி இந்த நாணயம் எதுவும் சொல்லவில்லை.

24-ஆம் மாதம்

மலர்விழியின் கணக்கு முழுவதும் ஓர் அனுமானத்தில் நிற்கிறது. தோற்றால் இரண்டாம் ஆண்டு முடிவில் அவள் உண்மையிலேயே திரும்பிவிடுவாள். திரும்புவாளா?

1985-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் புளூமர் இருவரும் ஒஹாயோ பல்கலைக்கழக நாடக அரங்கில் சீசன் டிக்கெட் வாங்க வந்தவர்களில் சிலருக்குக் குலுக்கல் முறையில் தள்ளுபடி கொடுத்தார்கள். முழுக் காசு கொடுத்தவர்கள் அந்த சீசனின் முதல் பாதியில் அதிக நாடகங்களுக்கு வந்தார்கள். நாடகம் எல்லோருக்கும் ஒன்றுதான். போட்ட காசு இழுத்தது.

கடைசல் இயந்திரமும் அப்படி இழுக்கும். 'தீபாவளி வரைக்கும் பார்ப்போம்', 'ஒரு எக்ஸ்போ போட்டுப் பார்ப்போம்' என்று மலர்விழி ஐந்து ஆண்டு ஓட்டிவிட்டால்? மாதம் 10,000 வீதம் 6 லட்சம். ஐந்தாண்டு இடைவெளிக்குப் பின் கிடைக்கும் வேலை 22,000 என்றால் மீதி 25 ஆண்டுக்கு 66 லட்சம். மொத்தம் 72 லட்சம். இரண்டாம் ஆண்டில் திரும்பியிருந்தால் 93.

அதனால் அவள் தொழிலைத் தொடங்குமுன்பே, இன்னும் பொம்மை மீது பாசமும் போட்ட காசும் சேராத நாளில், மூன்று எண்களை எழுதி வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவைப்பது நல்லது. ஒன்று, வீட்டுச் செலவு மாதம் 20,000 என்றால் 24 மாதத்துக்கு விழும் துண்டு 2,40,000. வேலையில் இருக்கும்போதே மாதம் 10,000 வீதம் இரண்டு ஆண்டில் சேர்த்துவிடலாம். இரண்டு, 18-ஆம் மாதத்தில் செலவு போக வர வேண்டிய தொகை. மூன்று, 24-ஆம் மாதத்தில் வர வேண்டிய தொகை. அது வராவிட்டால் அந்த வாரமே பயோடேட்டாவைத் தூசிதட்டி அனுப்ப வேண்டும். கடைசல் இயந்திரத்தை விற்க வேண்டியதில்லை, சனி ஞாயிறுகள் மறுபடியும் இருக்கின்றன.